குடும்பங்களைத் தேடிய தேன்மொழி

செவ்வாய்க்கிழமை காலை நூர்ஜஹான் போன் செய்தாள். வளையல் கடையைத் திறக்கிற நேரத்தில் அவள் யாரோடும் பேச மாட்டாள். அன்று எடுத்தவுடன் அழுதாள். "இன்னாடி ஆச்சு, சொல்லிட்டு அழு" என்று அதட்டினேன். "நம்ம தேனு போயிட்டாடி. மாடில துணி காயப் போட்டுனு இருந்தாளாம். நெஞ்சு வலிக்குதுனு உக்காந்தவ எழுந்திருக்கவே இல்ல" என்றாள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது, இந்தச் சமயத்தில் இப்படி விட்டுவிட்டுப் போவாளா ஒருத்தி?

தேன்மொழியை உங்களில் பலருக்கு வேங்கிக்காலில் தெரிந்திருக்கும். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுப்பாள். எனக்கும் நூர்ஜஹானுக்கும் அவள் பள்ளித் தோழி. பல வருடங்களாகத் தீபத்தன்று, வெளியூர்க் கூட்டம் வந்திறங்கும் தற்காலிகப் பேருந்து நிலையம் ஒன்றில், கூட்டத்தில் பிரிந்துபோனவர்களுக்கான பந்தலை மூவரும் சேர்ந்து நடத்தினோம். நூர்ஜஹான் சாப்பாடு பார்ப்பாள். நான் வந்தவர்களிடம் ஊர், பேர் விசாரிப்பேன். மைக் தேன்மொழியுடையது. வேறு யார் தொட்டாலும் முறைப்பாள்.

இன்ன ஊர், பச்சைப் புடவை கட்டிய வயதான அம்மா, காணவில்லை என்றுதான் எல்லா இடத்திலும் அறிவிப்பார்கள். தேன்மொழி ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. "கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வந்த முருகன் குடும்பத்தார் கூட்டத்துல வழி தவறிட்டாங்க. பயப்படாதீங்க. உங்க அம்மா இங்க பத்திரமா இருக்காங்க. வந்து சேந்துக்குங்க" என்பாள். அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொள்வார். "அதானே! நான் நின்ன எடத்துலதான் நின்னேன், அதுங்கதான் எங்கியோ போயிட்டுதுங்க" என்று குரலை உயர்த்துவார். மூச்சிரைக்க ஓடிவரும் மகன்தான் திட்டு வாங்குவான். ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "வயசானவங்க தொலைஞ்சிட்டாங்கனு மைக்ல சொன்னா, அடுத்த வருஷம் அவங்கள வூட்லயே வுட்டுட்டு வந்துடுவாங்க" என்றாள்.

வந்தவர்கள் எல்லாரும் தொலைந்தவர்கள் அல்ல. விட்டுவிட்டுப் போவதற்கென்றே சிலரை அழைத்து வருகிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியும், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். சில வருடங்களுக்கு முன் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த கோவிந்தசாமி அப்படிப்பட்டவர். மகன் குமாரின் போன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். எத்தனை தடவை அடித்தும் அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் காலை கூட்டம் வடிந்துவிட்டது. பந்தல்காரர்கள் கீற்றைப் பிரிக்க வந்து நின்றார்கள். தேன்மொழி மட்டும் கட்டிப்போன தொண்டையோடு குமார் குடும்பத்தாரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த வெட்டவெளில யாருடி கேக்குறாங்க?" என்றேன். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவரைக் காட்டி, "அவரு கேக்குறாருல்ல?" என்றாள். வரமாட்டான் என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதருக்கு நம்பிக்கை கொடுப்பது கொடுமை என்று சண்டை போட்டேன். இன்றைக்கும் நான் சொன்னது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பெரியவர்தான் எங்கள் சண்டையை நிறுத்தினார். எழுந்து வந்து, "போதும்மா, தொண்டைய கெடுத்துக்காத. அத இப்டி குடு" என்றார். யாருக்கும் மைக்கைக் கொடுக்காதவள் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலியான சாலையைப் பார்த்துப் பேசினார். "டேய் குமாரு, அப்பா பேசுறேன். நான் சாப்ட்டேன். நல்லவங்ககிட்டதான் இருக்கேன். என்ன நெனச்சினு வண்டிய வேகமா ஓட்டாத. புள்ளைங்கள பாத்து இட்டுனு போ." அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மூன்று பேரும் வாய்விட்டு அழுதோம்.

அவரைச் செங்கம் சாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். நூர்ஜஹானும் நானும் எப்போதாவது எட்டிப் பார்ப்போம். தேன்மொழி ஞாயிறு தவறாமல் போனாள், அதுவும் வெறுங்கையோடு. "எதனா வாங்கினு போனா விருந்தாளி ஆயிடுவேன்" என்பாள். இருவரும் ஊர்க்கதை, அரசியல், நிலக்கடலை விலை என்று எல்லாம் பேசுவார்கள். ஆனால் அவள் கிளம்பும்போது மட்டும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மறுபடி எப்போது வருவாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இல்லத்தில் யாரிடமும் அவர் அதைக் கேட்பதில்லையாம். "நான் வருவேன்னு அவருக்கு இன்னும் நம்பிக்கை வரலடி" என்று தேன்மொழி என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

அவளை எடுத்த அன்று ஆட்டோ பிடித்து அந்தப் பெரியவர் வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அவளுடைய அண்ணன்மார் வாய்க்கரிசி போட்டு முடித்ததும், யாரும் கூப்பிடாமல் முன்னால் வந்து தானும் போட்டார். யார் நீங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் வழிவிட்ட அந்த வீட்டாருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

இந்தத் தீபத்துக்கு நூர்ஜஹான் மைக்கில் உட்காரச் சம்மதித்திருக்கிறாள். நான் போன ஞாயிறு இல்லத்துக்குப் போனேன். தேன்மொழியைப் போல எனக்குப் பேச வராது. பெரியவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பி வெளிக்கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, அடுத்த வாரம் வருவியா?"

தேன்மொழி இத்தனை வருடம் காத்திருந்த கேள்வி அது. அவள் உழைத்துச் சம்பாதித்தது, என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வருவேன் என்று சொல்லிவிட்டேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். நான் எவ்வளவு சோம்பேறி என்பது உங்களுக்குத் தெரியும். எந்த ஞாயிற்றுக்கிழமையாவது என்னைக் கடைத்தெருவில் பார்த்தால், அங்கே போகாமல் இங்கே என்ன செய்கிறாய் என்று தயவுசெய்து கேளுங்கள்.