ஐந்தாவது சிலிண்டரில் மஞ்சள் தண்ணீர்

தம்பியின் கார் ஸ்ராட் ஆனதும் விக்கி விக்கி ஆடியபோது எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம். "அப்பவே சொன்னனான், கேட்டவனோ?" என்று காரின் முன்மூடியை, பொனற்றைப் பார்த்து ஏசினேன். அவன் செத்து முப்பத்திரண்டாம் நாள் அது.

அச்சுவேலியில் எனக்கு ஒரு கராஜ் இருக்கிறது. முப்பது வருடமாக உழவு இயந்திரமும் லொறியும்தான் என் கைக்கு வந்தவை, எல்லாம் டீசல். தம்பிக்குக் கொழும்பில் வேலை. எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்றை, ஆரோ பாவித்ததை வாங்கி, எனக்குக் காட்டவென்றே எங்கள் புத்தூர் வீட்டுக்கு ஓட்டிவந்தான். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திருப்பவே பெரும்பாடு.

"அண்ணை, ஒருக்கால் ஓடிப் பார்த்துச் சொல்லுங்கோ."

"உதிலை ஏற எனக்கென்ன விசரே? உன்னை நல்லாய்ப் பேய்க்காட்டி வித்திருக்கிறாங்கள்."

பொனற்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அவன் சிரித்துவிட்டுச் சாவியை மேசையில் வைத்தான். மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் பிறகு எழும்பவில்லை.

கார் மாமரத்தடியிலேயே நின்றது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்துக் கீரிமலையால் வந்தபின், துடக்குக் கழிய வீடு வளவெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். மூத்தவன் என்று செம்பை என்னிடம் தந்தார்கள். அவனுடைய காருக்கு மட்டும் சும்மா நாலு துளி தெளித்துவிட்டு வர மனம் கேட்கவில்லை. பொனற்றைத் திறந்து, எஞ்சின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியையும் கழற்றி, உள்ளேயும் ஊற்றினேன். சரஸ்வதி பூசைக்கு உழவு இயந்திரங்களுக்கு வருடாவருடம் செய்வதுதானே.

செத்தவீட்டுக்குக் கொழும்பிலிருந்து வந்த தம்பியின் மனைவி, அந்தக் காரைத் திரும்பக் கொண்டுபோய் விற்கவேண்டும் என்று நின்றாள். வழியனுப்பும் முன் ஸ்ராட் பண்ணிப் பார்த்தபோதுதான் இந்த விக்கல். "நான் பாக்கிறன் பிள்ளை" என்றேன். பார்க்கும்போதே உள்ளுக்குள் ஓர் அற்ப ஆசை. கார் உண்மையிலேயே பழுதாக இருக்கவேண்டும். அப்படியென்றால் நான் அவனுக்குச் சொன்னது சரியாகிவிடும்.

பழைய பெற்றோல் என்று சந்தேகப்பட்டு, தாங்கியை வடித்துப் புதிதாக ஊற்றினேன். விக்கல் நிற்கவில்லை. அந்தக் காலத்துப் பெற்றோல் காரென்றால் பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்குகளின் வயரை ஒவ்வொன்றாய்க் கழற்றி, எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர் என்று பிடித்துவிடலாம். இதில் வயரையே காணோம். அடுத்த நாள் தெரிந்தவர் ஒருவரிடம் பழுது காட்டும் ஸ்கானர் வாங்கிவந்து பூட்டினேன். ஐந்தாவது சிலிண்டரில் நெருப்புப் பற்றவில்லை என்று காட்டியது.

எஞ்சினை நிற்பாட்டி, ஐந்தாவதின் பிளக்குக்கு மேலே மாட்டி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை இழுத்தேன். அதன் ரப்பர் முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே பிளக் இருக்கும் குழிக்குள் துணியை விட்டு எடுத்தேன்.

துணி மஞ்சளாக வந்தது.

அவனை ஒருத்தரும் பேய்க்காட்டவில்லை. முப்பது வருடம் எஞ்சினோடு மாரடித்த நான், டீசலில் பொறி அடிக்கிற பிளக் இல்லை, இதில் இருக்கிறது, நனைந்தால் பற்றாது என்பதை யோசிக்காமல் ஒரு செம்புத் தண்ணீரால் அவனுடைய காரைக் கெடுத்து, அதற்கும் இரண்டு நாளாக அவனையே ஏசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

காற்றடித்துக் குழியைக் காயவைத்து, பிளக்கைத் துடைத்துப் பூட்டினேன். ஸ்ராட் பண்ணியதும் எஞ்சின் ஒரே சீராக உறுமியது. சத்தம் கேட்டு அவன் மனைவி குசினியால் வெளியே வந்தாள்.

"இப்பிடித்தான் அண்ணை கேக்கும், அவர் ஓடேக்கை. என்ன பிழையாம்?"

மஞ்சள் துணியைக் காட்டி உள்ளதைச் சொன்னேன். அவள் துணியை வாங்கிப் பார்த்தாள். கோபிக்கவில்லை.

"வாங்கின அண்டைக்கே சொன்னவர், அண்ணை ஓடிப் பார்த்து நல்லதெண்டால் வைச்சிருப்பன், இல்லாட்டி வித்துப்போடுவன் எண்டு. நீங்கள் ஏசினதோடை, காரை வித்துப்போடுறதெண்டு எனக்கு அண்டு இரவே போன் எடுத்துச் சொல்லிப்போட்டார்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். பருத்தித்துறை றோட்டில் அச்சுவேலிச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒரு குலுக்கல் இல்லை.

"நல்ல கார்தான்ரா தம்பி," என்றேன், பக்கத்து இருக்கையைப் பார்க்காமல்.