ஞானசெல்வி அக்கா வாசிக்க மறுத்த சீட்டு

செய்தியை எனக்கு யாரும் போனில் சொல்லவில்லை. மில்லில் ஷிப்டுக்குப் போகும்போது போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். மத்தியானம் வேலை முடிந்து வெளியே வந்தால் என் மகள் ஜெபா கேட்டுக்கு எதிரே நிற்கிறாள். கிருஷ்ணன்கோவிலில் காலேஜில் இருக்க வேண்டிய பிள்ளை. "யாரு?" என்றுதான் கேட்டேன். "செல்வி அக்காம்மா" என்றாள். எங்கள் சபையில் பிள்ளைகளுக்கும் அவர் அக்கா, பெற்றவர்களுக்கும் அக்கா. தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் அக்கா வீடு இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

சபையின் மாதக் கடிதத்துக்கு அக்காவைப் பற்றி "நல்லதா நாலு வரி" எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டார். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துப் பிழைகளை ஜெபா திருத்தியிருக்கிறாள். கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடக்க ஆராதனையில் ஒருவர், அக்கா இனிய குரலால் வாலிபரைக் கவர்ந்தவர் என்று பேசினார். அக்காவுக்குப் பாட வராது. பாடினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். இறையியல் கல்லூரியில் முறையாக வேதம் படித்தவர். ஞாயிறு மத்தியானம் தவறாமல் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் வாலிபருக்கு வகுப்பு எடுத்தார். அதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் கேட்க முடியாத ஒரு கேள்வியைப் பிள்ளைகள் ஒரு சீட்டில் எழுதி மடித்துக்கொள்ள வேண்டும். அக்கா அதைப் பார்க்க மாட்டார். சீட்டு நேரே அம்மா கைக்கோ அப்பா கைக்கோ போக வேண்டும். பதில் தெரியாத பெற்றோர் புதன்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வரலாம். அங்கே அக்காவும் போதகரும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு தகப்பனார் சண்டைக்கே வந்தார். "இதுக்குத்தான உங்ககிட்ட அனுப்புதோம். பொறவு எங்களை எதுக்குக் கேள்வி கேக்கிய?"

"என்கிட்ட வாரத்துல ஒரு மணி நேரம் இருக்கான் அண்ணாச்சி. மிச்ச நேரமெல்லாம் உங்க வீட்டுச் சோத்தத்தான திங்கான்? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. தெரிஞ்ச மாதிரி ஆண்டவர் பேருல பொய் சொல்லிராதீங்க."

ஆண்டவர் பேரில் பொய் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தார்கள். வீட்டில் ஒருவரும் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கட்டளை. பிளஸ் ஒன் படித்த ஜெபா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பசி தாங்காமல் டீக்கடையில் ஒரு பன் வாங்கித் தின்றுவிட்டாள். யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஜெபத்தை நடத்திய சபைச் செயலாளர் எல்லார் முன்னாலும், "உங்க வீட்டுலயே உபவாசத்தை முறிச்சிருக்காங்க. அதான் ஜெபத்துக்கு அடைப்பு" என்றார். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அதையே பிள்ளையிடம் சொன்னேன். நாலாம் நாள் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஜெபா வெள்ளிக்கிழமைகளில் எதுவும் சாப்பிடுவதில்லை. பிள்ளைக்கு எம்புட்டு பக்தி பாருங்கள் என்று மில்லில் நான் பெருமை பேசினேன். ஒரு வருஷம் பேசினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சீட்டை என் கையில் வைத்தாள். கூட்டெழுத்து, எனக்குப் பிடிபடவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற அக்காவிடம் ஓடிப் போய் நீட்டினேன்.

"வாசிச்சுச் சொல்லுங்கக்கா."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உனக்கு எழுதுனதை நான் எதுக்கு வாசிக்கணும்?"

"எனக்குப் புரியலைன்னுதான கேக்கேன்?"

"எழுதுனவ உன் வீட்டுலதான இருக்கா. அவளையே வாசிக்கச் சொல்லு, கனி. செத்த நேரம் அடுப்பை அமத்திட்டுக் கேளு."

அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஜெபா சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். "நான் பன் தின்னதுனாலதான் அப்பா செத்தாங்களா?"

புதன்கிழமை வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னைத்தான் முதலில் கேட்டார். "நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்போ நீதான் அதைத் திருப்பி எடுக்கணும். என் முன்னால எடு."

எடுத்தேன். அது பொய் என்று என் பிள்ளையிடம் என் வாயால் சொன்னேன். பிறகுதான் அக்கா அவளிடம் பேசினார். "ஒரு பன்னுக்காக அப்பனைக் கொல்லுற தெய்வத்தை நான் வேதத்துல எங்கயும் பாக்கலட்டி. நமக்காகத் தன்னையே குடுத்தவரு, பசிச்ச பிள்ளையைப் பழி வாங்குவாரா? உங்க அப்பாவை ஏன் எடுத்தாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. இது காரணமில்லைன்னு மட்டும் நல்லாத் தெரியும்." அன்றைக்கு அங்கே அவள் இரண்டு தட்டு சோறு தின்றாள்.

அக்கா அதோடு விடவில்லை. சபையில் சொன்ன பொய்யைச் சபையில்தான் திருத்த வேண்டும் என்று போதகரிடம் போனார். ஐயாவுக்குச் சின்ன வயது, வந்த புதிது, செயலாளரை நினைத்தால் பயம். அக்கா அவரைத் திட்டவில்லை. இரண்டு சாயங்காலம் கூடவே உட்கார்ந்து பிரசங்கத்துக்கு உதவினார். பிறவிக் குருடனைக் காட்டி இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டவர்களிடம், இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொன்ன பகுதி. உபவாசம் என்பது ஆண்டவர் கையை முறுக்குகிற வேலை அல்ல என்று ஐயா அன்றைக்குத் தெளிவாகப் பேசினார். முன் பெஞ்சில் அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதுதான் குற்றமாகப் போயிற்று. இந்த அம்மா பெற்றோரை அவமானப்படுத்துகிறார், வாலிபருக்குக் கேள்வி எதற்கு, கீபோர்டும் டிரம்ஸும் இருந்தால் கூட்டம் சேரும் என்று கமிட்டியில் பேசி வகுப்பை நிறுத்தினார்கள். கோயில் வாசலில் அதை அறிவித்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். என் பிள்ளையை மீட்டுக் கொடுத்தவரைத் துரத்துகிறார்கள், நான் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரமும் அக்கா அதே பஸ்ஸில் வந்தார். "அறையைத்தான பூட்டினாவ. உங்க வீட்டையுமா பூட்டினாவ? காபி போடு" என்றார். பிறகு உடம்புக்கு முடிகிற வரைக்கும் வீடு வீடாகத்தான் வந்தார்.

அக்கா கிட்னி பழுதாகிப் படுத்தபோது செயலாளர் பார்க்க வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "விசுவாசம் வையுங்க, எந்திரிச்சிருவிய" என்றார். அக்கா சிரித்தார். "விசுவாசம் வச்சவங்களும் சாகத்தான செய்றாவ, செயலாளரே. நான் எங்க போறேன்னு தெரிஞ்சுதான் படுத்திருக்கேன். நீங்க உக்காருங்க."

அந்த மனிதர்தான் அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து, "நாம் இன்னும் ஊக்கமாய் உபவாசித்திருந்தால் நம் சகோதரி எழுந்திருப்பார்" என்றார். எந்தப் பொய்யை எதிர்த்து அக்கா வகுப்பை இழந்தாரோ, அந்தப் பொய்யையே அக்காவின் தலைமாட்டில் வைத்தார். போதகர் ஐயா தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். ஜெபா என் கையை விட்டுவிட்டாள்.

மறுநாள் என் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. நானே வாசிக்க வேண்டும் என்று எழுத்தைப் பிரித்துப் பெரிது பெரிதாக எழுதியிருந்தாள். "அம்மா, அங்கே ஏன் சும்மா இருந்த?"

அக்காவை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன். அவர் நம் ஜெபம் பத்தாமல் சாகவில்லை. என் வீட்டுக்காரரும் ஒரு பன்னால் சாகவில்லை. செயலாளர் ஐயா, அன்றைக்கு நான் என் பிள்ளையிடம் எடுத்த மாதிரி, நீங்களும் சபை முன்னால் அதைத் திருப்பி எடுக்க வேண்டும். போதகர் ஐயா இதைக் குறைக்காமல் அச்சிட வேண்டும். ஞாயிறு மத்தியானம் அந்தப் பூட்டின அறையின் படியில் நான் உட்கார்ந்திருப்பேன். பதில் எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் சீட்டோடு வருகிற பெற்றவர்களோடு உட்கார எனக்குத் தெரியும்.

அக்கா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது வேதப்புத்தகத்துக்குள் இரண்டு சீட்டு. முதல் சீட்டுக்கு அவர் முன்னால் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். ஜெபா, தெரியாமல் இல்லை. பயந்துதான் சும்மா இருந்தேன்.