கோழியிடம் சொன்னது

எங்கள் பக்கத்தில் பேசத் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. நேராகப் பேசத் தெரிந்தவர்கள்தான் குறைவு. என் மாமனார் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்தே ஒரு சோடிக் காளைக்கு விலை பேசி முடித்துவிடுவார். வாயில் அதக்கிய வெற்றிலை அசையாது. வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளைத் தமுக்கடித்துச் சொல்கிறவர் ஒவ்வொரு வார்த்தையையும் தெருக்கோடி வரை இழுப்பார். எந்த நாள் என்பதை மட்டும் விழுங்கிவிடுவார். சின்னமனூர்க் கடைத்தெருவில் கூட்டம் போட்ட கதர்ச்சட்டைக்காரர்கள் தங்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழில் பேசினார்கள். கேட்டவர்கள் ஒன்றும் புரியாமல் கைதட்டிவிட்டு வந்து, பேச்சென்றால் அதுதான் பேச்சு என்றார்கள்.

இதெல்லாம் ஆம்பளைகள் பேச்சு. வீட்டுக்குள்ளே ஓடியது ஜாடைப் பேச்சு. அதில் என் மாமியாரை மிஞ்சக் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் ஆள் கிடையாது. இப்போது ‘அவள்’ என்று எழுதப்போகிறேன். அப்போது மனசுக்குள் திட்டும்போதுகூட ‘அவுக’ என்றுதான் திட்டுவேன். அந்த மரியாதையைப் பெறச் செத்தவளுக்குத் தகுதியில்லை என்பதற்காக அல்ல, அதைக் கொடுக்க எழுதுகிற எனக்குத் தகுதியில்லை என்பதற்காக.

அவள் தன் அண்ணன் மகளை மகனுக்குக் கட்ட நினைத்திருந்தாள். மாமனார் அதற்குள் அனுமந்தன்பட்டியில் என் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வெற்றிலை பாக்கு மாற்றிய அன்றே அவள் அம்மன் கோயிலுக்குப் போனாள். வருகிறவளிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினால் என் நாக்கு அழுகிப்போகட்டும் என்று சூடத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டாள். எங்கள் ஊரில் பத்திரம் எழுதிக் கொடுத்ததை மீறுவார்கள், பஞ்சாயத்தில் சொன்னதை மீறுவார்கள். சூடம் அணைத்ததை மீறமாட்டார்கள்.

ஆனால் மருமகளை வேலை வாங்காமல் ஒரு வீடு நடக்குமா? அதற்குக் கோழி இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புள்ளிக்கோழி. “ஏ கோழி, சூரியன் உச்சிக்கு வந்தாச்சு, உலை இன்னும் கொதிக்கலை” என்பாள். நான் அடுப்பைத் தூண்டுவேன். “ஏ கோழி, கொடிக்காலுக்குக் கஞ்சி யாரு கொண்டு போறது, உங்கப்பனா?” நான் கலயத்தை எடுத்துக்கொண்டு வெற்றிலைத் தோட்டத்துக்கு நடப்பேன். அந்தப் புள்ளிக்கோழியை ஒரு தீபாவளிக்கு அடித்துத் தின்றோம். அடுத்த நாள் காலையில் அவள் சேவலிடம் பேச ஆரம்பித்தாள்.

வந்த புதிதில் ஒருநாள் பொறுக்காமல், “நான் என்ன அத்தை செஞ்சேன்?” என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோழியிடம், “உன்னையத்தான சொன்னேன், யாருக்கோ ஏன் உறைக்குது?” என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஜாடைப் பேச்சின் சட்டம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. சொன்னவர்களுக்குக் குற்றமில்லை, தனக்கென்று எடுத்துக்கொண்டவளுக்குத்தான் குற்றம். அதன் பிறகு நானும் அவளிடம் நேராகப் பேசவில்லை.

நான்கு வருசம் எனக்குப் பிள்ளையில்லை. அந்த நான்கு வருசமும் கோழி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தின்கிறதைத் தின்றுவிட்டு முட்டையிடத் துப்பில்லாத கோழி, அறுத்துக் குழம்பு வைத்தால்கூட ருசிக்காத கோழி. ஐந்தாம் வருசம் ஒரு பெண் பிறந்தாள். மாமியார் அவளைத் தோளை விட்டு இறக்கவில்லை. பேச்சும் பிள்ளை வழியாக மாறியது. “உங்காத்தாவச் சாப்பிடச் சொல்லு தங்கம், பால் வேணுமில்ல” என்பாள். சோறு தின்னச் சொல்லி எனக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் வார்த்தை அது. நேராகக் கூப்பிடும் நாளும் தூரத்தில் இல்லை என்று நம்பினேன். வேறெதையும் நான் அந்த வீட்டில் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஒன்பது மாதம் கோழிகளுக்கு ஓய்வு.

பத்தாம் மாதம் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் பிள்ளை போய்விட்டாள். மாமியாரும் அழுதாள், பொய் சொல்லக்கூடாது. புதைத்த எட்டாம் நாள், முதன்முதலாகக் கும்பாவில் சோறு போட்டு உட்கார்ந்தேன். அவள் முற்றத்தில் நின்று கோழியிடம் சொன்னாள்: “குஞ்சு பொரிச்சுப் பருந்துக்குக் குடுத்துட்டு எப்பிடி மேயுது பாரு.”

நான் அந்தச் சோற்றைத் தின்று முடித்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இதற்குப் பதில் சொல்லாமல் இவள் சாகக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு ஆறு வருசம் ஆனது. ஒரு சித்திரையில் வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனார் போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாகியிருந்தது. வீட்டுக்காரர் விடிந்ததும் கொடிக்காலுக்குப் போய்விடுவார். வீட்டில் அவளும் நானும் கோழிகளும்தான்.

ஒருநாள் நல்ல வெயில். “ஏ கோழி, தொண்டை வறளுது, ஒரு வாய்த் தண்ணி கொண்டாந்தா என்ன?” என்றாள். நான் ஒரு ஓட்டாஞ்சட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் கண்ணெதிரே கோழிக்கு வைத்தேன். கோழி குடித்தது, தலையை நிமிர்த்தி நிமிர்த்திக் குடித்தது. சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி கோழிக்கு ஊற்றினேன். கோழியைத்தானே கேட்டாள்? எனக்கு ஏன் உறைக்கவேண்டும்?

உச்சி சாய்ந்தது. உதடு வெடித்து, நாக்கால் உதட்டைத் தடவித் தடவிப் படுத்துக் கிடந்தாள். நான் நிலைப்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது வந்தது.

“ஏத்தா, தண்ணி குடு.”

பதினோரு வருசம் காத்திருந்த வார்த்தை. நான் முறத்தைக் கீழே வைக்கவில்லை. கோழியைப் பார்த்து, “யாரைக் கேக்குறாக?” என்றேன்.

“உன்னையத்தான் தாயி. உன்னையத்தான் கேக்குறேன்.”

செம்பைக் கொண்டுபோய்த் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் முகத்தில் ஒரு பயம் வந்தது. தண்ணீர் உள்ளே போன பிறகுதான் சூடம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

மறுநாள் வீட்டுக்காரர் தலை மறைந்ததும் என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது, ஆள் நடமாட்டம் தெரியுமே தவிர நாக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள முடியாது. மகனைக் கேட்கவும் வழியில்லை. கேட்டால் சத்தியம் முறிந்ததைச் சொல்லவேண்டும். அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை.

“என் நாக்கைப் பாத்துச் சொல்லு” என்று வாயைத் திறந்தாள்.

பார்த்தேன். படுத்த நாளிலிருந்து வெற்றிலை போடாததால் கறையெல்லாம் போய், பச்சைப்பிள்ளை நாக்குப்போல் சிவந்திருந்தது. என் பிள்ளையின் நாக்கு எனக்கு நினைவிருந்தது. பருந்தும் நினைவிருந்தது.

“நுனியில கறுத்திருக்கு அத்தை” என்றேன். பத்து வருசத்துக்கும் மேல் கழித்து நான் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

வாயை மூடிக்கொண்டாள். அடுத்த நாளும் கேட்டாள், கூடியிருக்கிறது என்றேன். மூன்றாம் நாளும் அதையேதான் சொன்னேன். எந்தக் காலையிலும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை என்று எழுதினால் அது பொய். ஒவ்வொரு காலையும் தோன்றியது. அடுப்பை மூட்டுவதற்குள் அந்த எண்ணம் அணைந்துவிடும்.

நான்காம் நாளிலிருந்து அவள் கேட்கவில்லை. வாய்மேல் சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நாற்றம் வருகிறதா என்று உள்ளங்கையில் ஊதி ஊதி முகர்ந்து பார்ப்பாள். கஞ்சி கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார், மகன் கெஞ்சினார், அவள் திறக்கவில்லை. இடுப்பு வலியில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். கோழிகள் பக்கத்தில் வந்து நின்றாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் தாங்கவில்லை.

ஒப்பாரியில் ஒரு வசதி உண்டு. அங்கே ஜாடை கிடையாது. செத்தவளை நேராகக் கூப்பிட்டுப் பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். என்னைப் பெறாத ஆத்தாவே என்று நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. இப்படி ஒரு மருமகள் வாய்க்க அவுக கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று பெண்கள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் இன்னும் குரலை உயர்த்தினேன்.

வாய்க்கரிசி போட என் முறை வந்தது. தாடைக்கட்டு தளர்ந்து வாய் திறந்திருந்தது. குனிந்து பார்த்தேன். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்று பிடி அரிசி போட்டு அதை மூடினேன்.