ஆற்றுவாய்க்கு ஒரு வாக்கியம்

ஜனாதிபதி எங்கள் ஊருக்கு ஓய்வெடுக்க வருகிறார் என்பது பரம ரகசியமாக இருந்தது. பரம ரகசியம் என்பதால் ஒரு வாரமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாவிக்கரை விடுதிக்குப் போகும் வீதியில் அவருடைய வாகனம் ஓடப்போகும் பக்கத்துக் குழிகளுக்கு மட்டும் தார் ஊற்றினார்கள். திரும்பும்போது வேறு வழியால் போவாராம். அதனால் மற்றப் பக்கத்துக் குழிகள் குழிகளாகவே கிடந்தன. வீதியில் படுக்கும் மாடுகளைக் கலைக்கப் பொலிஸ்காரர்களை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மாடுகள் அவர்களைச் சுற்றிப் படுத்துக்கொண்டன.

நான் அப்போது மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவதும், தமிழில் வரும் முறைப்பாடுகளைச் சிங்களமாக்குவதும் என் வேலை. ஒருநாள் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு விடுதிக்குப் போகணும் தங்கச்சி. பெரியவர்ர கூட்டம். நீங்கதான் பேசிக் குடுக்கணும். வீட்டுல கூடச் சொல்லப்படாது."

நான் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் என் கணவர் கேட்டார்: "நாளைக்கு ஜனாதிபதிக்குக் கதைக்கப் போறியாமே, மெய்தானோ?"

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவர் விவசாயி. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், எனக்குச் சீதனமாக வந்த வயலைச் செய்கிறார். என் தம்பி மீனவன். வாவியில் இறால் பிடிக்கிறான். அவனுடைய வீடு அடுத்த ஒழுங்கையில்தான் என்றாலும், பகல் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் எங்கள் வீட்டில் இருப்பான். அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயை மணல் அடைத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் ஏறி ஏறிப் படுவான்கரை வயல்வட்டைகளுக்குள் நுழைந்தது. வயல்கள் ஒன்றும் தெரியவில்லை. வரம்பும் தெரியவில்லை.

விவசாயிகள் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொன்னார்கள். மீனவர்கள் வெட்டக்கூடாது என்றார்கள். இந்தச் சண்டை கச்சேரிக்கு வருவதற்கு முன்பே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

"ஆத்துவாய வெட்டினாத் தண்ணி மட்டுமோ மச்சான் போகும்? இறாலும் சேந்து கடலுக்குப் போயிரும். பிறகு நான் என்னத்த அள்ளுறது, சேத்தையோ?" என்பான் தம்பி.

"வெட்டாம விட்டா என்ட வேளாண்மை அழுகிரும். நீ உன்ட இறால எதோட தின்னப்போறாய்?" என்பார் கணவர்.

நான் இருவருக்கும் சோறு போடுவேன். மொழிபெயர்க்கத் தேவையில்லாத சண்டை என்பதால் நான் வாய் திறப்பதில்லை.

மறுநாள் விடுதியில் என் கைபேசியை வாங்கி, பாண் வைக்கும் பிரம்புக் கூடைக்குள் போட்டார்கள். வாவியைப் பார்த்த பெரிய அறைக்குள் நான்கு பேர் இருந்தார்கள். நடுவில் ஜனாதிபதி. தலைமயிருக்கு அப்போதுதான் மை பூசியிருந்தார்கள். மை காயும்வரை எதிலும் சாயக்கூடாது என்பதால், தோளில் துவாயோடு பாடசாலைப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் வாக்குக் கணக்குப் பார்க்கும் ஆலோசகர், மடிக்கணினியோடு. இடப்பக்கம் கொள்கை ஆலோசகர். வெளிநாட்டில் பொருளாதாரம் படிப்பித்தவர் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்த்த நேரமெல்லாம் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். நான்காமவர் ஜனாதிபதியின் கட்சிக்கு எங்கள் மாவட்ட அமைப்பாளர். மதகு கட்டும் ஒப்பந்தக்காரர். அவருக்குச் சிங்களம் வராது. மற்றவர்களுக்குத் தமிழ் வராது. நடுவில் நான்.

"முதலில் உள்நாட்டுக் கொள்கையைப் பேசலாமா சேர்?" என்றார் கொள்கை ஆலோசகர்.

"முதலில் நான் மறுபடி வருவதைப் பேசுவோம்," என்றார் ஜனாதிபதி. "நான் வந்தால் கொள்கையும் வரும்."

கணக்கு ஆலோசகர் திரையைத் திருப்பிக் காட்டினார். நாடு முழுக்க நிறம் பூசியிருந்தது. எங்கள் மாவட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"சாம்பல் என்றால்?"

"இன்னும் முடிவு செய்யாதவர்கள் சேர்."

எங்கள் ஆட்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அதை ஒருவரும் பேசவில்லை. பேசாததை நான் மொழிபெயர்க்க முடியாது.

இந்த மாவட்டத்தில் மக்களை எது அதிகமாக வருத்துகிறது என்று அமைப்பாளரிடம் கேட்டார்கள். "ஆத்துவாய்ப் பிரச்சினைதான் சேர்," என்றார். நான் அதை ஆற்றின் வாய் என்றே சிங்களத்தில் சொன்னேன். கொள்கை ஆலோசகர் நண்டுக்காலை வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"இங்கே ஆறு இல்லையே."

வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம் என்று விளக்கினேன்.

"அது வாவியா, ஆறா? இரண்டுக்கும் கொள்கை வேறு."

ஜனாதிபதி தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் ஓட்டினார். "தண்ணீர்தானே," என்றார். அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

வெட்டினால் விவசாயி, வெட்டாவிட்டால் மீனவர் என்று அமைப்பாளர் சொல்லச் சொல்ல, கணக்கு ஆலோசகர் விவசாயிகளுக்குப் பச்சையும் மீனவர்களுக்கு நீலமும் போட்டார். எந்த நிறம் கூடுதல் என்று பார்த்துவிட்டு வெட்டலாம், அல்லது விடலாம் என்பது அவருடைய எண்ணம்.

"கனபேர்ர வீட்டுல ரெண்டும் இருக்கு சேர்," என்றார் அமைப்பாளர்.

நான் அதைச் சொன்னதும் ஆலோசகரின் விரல் நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு நிறம்தான் அந்தக் கணினி கொடுக்குமாம். ஜனாதிபதி முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"உங்கள் வீட்டில் எப்படி?"

"இரண்டும் இருக்கிறது சேர். கணவர் விவசாயி, தம்பி மீனவன்."

"அப்படியானால் வாக்குப் போடும்போது யார் சொல்லை யார் கேட்பார்கள்?"

"யார் சொல்லையும் யாரும் கேட்கமாட்டார்கள் சேர். சாப்பாட்டுக்கு நான் கூப்பிட்டால் மட்டும் இருவரும் வருவார்கள்."

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். கணக்கு ஆலோசகர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பெண்கள்!" என்றார். "சேர், சமைப்பவள் கையில்தான் வீடு இருக்கிறது. வெட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர் கொடுப்போம்!"

கொள்கை ஆலோசகர் விவசாயத்தைப் பற்றித் தடித்த அறிக்கை ஒன்றோடு வந்திருந்தார். அதை மூடி நண்டுக்கோதுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே புதிய கொள்கை ஒன்றைப் பிறப்பித்தார். குக்கர் பெண்களின் நேரத்தை விடுவிக்குமாம். விடுபட்ட நேரம் உற்பத்தியாக மாறுமாம். உற்பத்தி நாட்டைத் தூக்குமாம். உள்நாட்டுக் கொள்கை என்று தொடங்கியது என் கண்முன்னே உள்வீட்டுக் கொள்கையாகிவிட்டது.

அன்றைய கூட்டத்தில் அதிக நேரம் பிடித்த விவாதம், குக்கரில் ஜனாதிபதியின் படத்தை எங்கே ஒட்டுவது என்பதுதான். மூடியில் ஒட்டலாம் என்றார் கணக்கு ஆலோசகர்.

"மூடியிலா? சோறு கொதிக்கும்போது ஆவி என் மூக்கால் போகுமே!" என்றார் ஜனாதிபதி. உண்மையாகவே பயந்துவிட்டார். கடைசியில் பக்கவாட்டில் என்று முடிவாயிற்று. அமைப்பாளருக்கு அதை மொழிபெயர்த்தபோது, "நல்ல முடிவு சேர்," என்று எழுந்து நின்று கும்பிட்டார்.

வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. விடுதியின் படிக்கட்டில் ஒரு படி தண்ணீருக்குள் போயிருந்தது. அந்த அறையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பின்னேரம் ஜனாதிபதி பொதுமண்டபம் ஒன்றில் தற்செயலாக இறங்குவதாக ஏற்பாடு. தற்செயலுக்காகக் காலையிலேயே கதிரை அடுக்கி, மாலையும் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே அவர் தமிழில் ஒரு வாக்கியம் பேசவேண்டும் என்றார்கள். ஆற்றுவாய் பற்றி இருக்கவேண்டும். விவசாயி கேட்டால் வெட்டுவோம் என்று விளங்கவேண்டும். மீனவர் கேட்டால் வெட்டமாட்டோம் என்று விளங்கவேண்டும்.

"முடியுமா?" என்று கேட்டார் கணக்கு ஆலோசகர்.

அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கச்சேரியில் அந்த மாதிரி வாக்கியங்களோடுதான் எனக்குக் காலம் போயிருந்தது. "ஆத்துவாய் விசயத்தில உங்கட விருப்பம்தான் என்ட விருப்பம்," என்று சொல்லிக்கொடுத்தேன். ஜனாதிபதி துவாயை எடுத்துவிட்டு நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. தமிழ் இவ்வளவு இலகுவா என்று சந்தோசப்பட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. படுவான்கரை ஆட்கள் ஒரு பக்கம், மீனவர்கள் மறு பக்கம். நடு வரிசையில் என் கணவரும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில். ஜனாதிபதி ஒலிவாங்கியைப் பிடித்து வாக்கியத்தைச் சொன்னார். விவசாயிகள் கைதட்டினார்கள். மீனவர்களும் கைதட்டினார்கள். தட்டத் தட்ட, எதிர்ப்பக்கத்திலும் சத்தம் வருவது இரண்டு பக்கத்துக்கும் கேட்டது. கைகள் மெல்ல ஓய்ந்தன.

"நீ என்னத்துக்குடா கை தட்டுறாய்?" என்று என் கணவர் தம்பியைக் கேட்டது மேடைவரை கேட்டது.

"வெட்டமாட்டன் எண்டுதானே சொல்லிற்றார்."

"வெட்டுறன் எண்டல்லோ சொன்னவர்!"

மண்டபம் முழுக்க இதே பேச்சுத்தான். ஜனாதிபதி சிரித்த முகத்தோடு கையசைத்துக்கொண்டிருந்தார். சனம் உற்சாகமாகப் பேசுகிறது என்று நினைத்திருக்கவேண்டும். அப்போது என் கணவர் எழும்பினார். பொது இடத்தில் வாய் திறக்காத மனிதர். கலியாண வீட்டில் கூடக் கடைசிக் கதிரையில் இருப்பவர்.

"ஐயா, வெட்டுறதோ, விடுறதோ? ஒரு சொல்லுல சொல்லுங்க."

மேடையில் பக்கத்தில் நின்ற என்னை ஜனாதிபதி திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற கணக்கு ஆலோசகர் என் காதோடு, "நன்றி சொல்கிறார் என்று சொல்லுங்கள்," என்றார்.

கேட்டதைச் சொன்னால் வேலை போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முன்னால் நிற்பவர் என் மனிதர். அன்று காலையில் அந்தச் சாமர்த்திய வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்த வாயால், அவர் கேட்ட கேள்வியைக் கேட்காததாக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டதைக் கேட்டபடியே சிங்களத்தில் சொன்னேன்.

ஜனாதிபதியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கண்ணில் மட்டும் இல்லை. "யார் இந்த ஆள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னுடைய கணவர் சேர்."

இதற்குள் தம்பியும் எழும்பிவிட்டான். "மச்சான் கேட்டதத்தான் நாங்களும் கேக்கிறம். ஏதாவது ஒண்டச் சொல்லுங்க, கேட்டிற்றுப் போறம்."

ஜனாதிபதி தொண்டையைச் செருமினார். "இதை ஆராய ஒரு குழு அமைப்போம்," என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும், அந்த மழைக்காலத்தில் முதல்முறையாக விவசாயிகளும் மீனவர்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். "குழு வாறதுக்குள்ள வெள்ளம் குசினிக்குள்ள வந்திரும்," என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு நிற்கவில்லை. ஜனாதிபதியும் விளங்காமல் சேர்ந்து சிரித்தார். மாலை கழுத்தில் கிடக்க வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

குழு வரவில்லை. வாவிதான் வந்தது. அந்தக் கிழமையே தண்ணீர் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. அது எந்த ஆலோசகரையும் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தபோது என் கணவரின் வேளாண்மையில் பாதி அழுகியிருந்தது. தம்பி வலையோடு போய், வெறுங்கையோடு வந்தான்.

மணல் உடைந்த அடுத்த நாளே கச்சேரிக்கு இரண்டு அறிவித்தல்கள் மொழிபெயர்ப்புக்கு வந்தன. விவசாயிகளுக்கானதில், ஜனாதிபதியின் நேரடிப் பணிப்பில் ஆற்றுவாய் திறக்கப்பட்டது என்றிருந்தது. மீனவர்களுக்கானதில், ஜனாதிபதி அனுமதி தராத நிலையில் இயற்கை காரணமாக அது திறந்துகொண்டது என்றிருந்தது. இரண்டையும் ஒரே பகலில் தமிழாக்கிக் கொடுத்தேன். அதன்பிறகுதான் எனக்கு இடமாற்றம் வந்தது. வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய அலுவலகம். காரணம் சேவையின் தேவை என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு சொல்லும் நான் பலருடைய கடிதங்களில் மொழிபெயர்த்தவைதான்.

ரைஸ் குக்கர்கள் தேர்தலுக்குச் சற்று முன்னால் வந்தன. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் வாங்கினார்கள். நானும் வாங்கினேன். சோறு நன்றாகத்தான் அவிந்தது. பக்கவாட்டில் இருந்த படம் சூட்டில் சுருங்கி, ஒரு மாதத்தில் கண்ணும் காதும் ஒன்றாகிவிட்டன. வாக்குப்போடும் நாளில் சனம் குக்கரில் சோற்றை வைத்துவிட்டு, அது அவியும் நேரத்துக்குள் போய் அவருக்கு எதிராகப் போட்டுவிட்டு வந்தது. நாட்டில் மற்ற இடங்களும் அவரைக் கைவிட்டன. அவர் மறுபடி வரவில்லை. கொள்கையும் வரவில்லை.

அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன்பு இரண்டு பக்கத்து ஆட்களும் கோயில் வாசலில் கூடினார்கள். நானும் போயிருந்தேன். அங்கே என் வேலைக்குத் தேவை இருக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு ஏறினால் வெட்டுவது, இறாலுக்கு எத்தனை நாள் பொறுப்பது என்று கத்திக் கத்திப் பேசினார்கள். ஒரு கதிரை உடைந்தது. ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து தெளிந்தது. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது தம்பி கேட்டான். "என்ன மச்சான், சரிதானோ?"

"சரியில்லதான்," என்றார் என் கணவர். "எண்டாலும் என்ன எண்டு விளங்கிச்சு."