சரியா தப்பா என்று கேட்ட படகுக்காரர்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் எது நியாயம் என்ற கேள்வி எழுந்தால், ரயில்வே ஃபிட்டரான என் அப்பாவிடம்தான் வருவார்கள். ஒரு புயலுக்குப் பிறகு படகுக்காரர் ஒருவர் வந்தார். அலையில் விழுந்த தன் தம்பியைத் தேடப் படகைத் திருப்பினால் அதிலிருந்த மற்றவர்களும் மூழ்கிவிடுவார்கள் என்று பயந்து கரைக்கு வந்துவிட்டவர்.

"நான் செஞ்சது சரியா, தப்பா? நீயே சொல்லு மாமு."

அப்பா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "எனக்குத் தெரியல நைனா. ஆனா இத்த ஒண்டியா சொமக்காத. தெனம் வா, பேசிகினு இருக்கலாம்."

கொஞ்ச நாள் வந்தார். பிறகு குடியில் விழுந்து, அடுத்த வருடமே இறந்தார். மூலக்கொத்தளம் இடுகாட்டில் மண் போட்டுவிட்டுத் திரும்பிய அப்பா, "சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

"உனுக்கே தெரியாதத எப்பிடி சொல்லுவ?" என்றாள் அம்மா.

அப்பா அன்று சாப்பிடவில்லை.