மஜோக்கின் ஏழரை அடிக் கட்டில்

பதுளையில் மாணிக்கராஜைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் அவர் முகத்தில் விழிக்க ஆசைப்படுகிறவர்களும் கிடையாது. இறுதிச் சடங்கு நடத்துகிற ஒரு மலர்ச்சாலையில் முப்பத்தொரு வருடமாகச் சவப்பெட்டி செய்கிற மனிதரை யார்தான் வெற்றிலை வைத்து அழைப்பார்கள்? கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்கள் அவர் மனைவி றீட்டாவின் கையில் கொடுத்துவிட்டு, ஐயா இருக்கிறாரா என்றுகூடக் கேட்காமல் படியிறங்கிவிடுவார்கள்.

அவருக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. ஒரு தச்சன் மேசை செய்தால், கால் ஆடுகிறது என்று சண்டைக்கு வர ஓர் ஆளாவது இருக்கும். மாணிக்கராஜின் பெட்டியில் படுத்தவர்கள் யாரும் திரும்பி வந்து நல்லது கெட்டது சொன்னதில்லை. தோள் இடிக்கிறதா, கால் நீட்ட வசதியாக இருக்கிறதா என்று யாரிடம் போய்க் கேட்பது? அதனால் ஒவ்வொரு பெட்டியையும் முடித்ததும் தானே ஏறி ஒரு நிமிடம் படுத்துப் பார்ப்பார். இந்தப் பழக்கம் தெரியவந்த நாளிலிருந்து றீட்டா அவருடைய சட்டையைத் தனியாகத்தான் துவைக்கிறாள்.

இப்படிப்பட்ட வீட்டின் பின்னறைக்குத்தான் மஜோக் குடிவந்தான். தென் சூடானில் பிறந்து, உகண்டாவின் அகதி முகாமில் வளர்ந்தவன். மாமரத்தில் அடித்த சைக்கிள் வளையத்தில் பந்து போட்டுப் பழகி, பத்தொன்பது வயதில் கம்பாலாவில் ஒரு கூடைப்பந்துக் கழகத்துக்குச் சம்பளத்துக்கு ஆடினான். பிறகு நைரோபியில் இரண்டு பருவம். அதன் பிறகு ஒரு முகவர், ஆசியாவில் பெரிய இடம் இருக்கிறது என்று சொல்லி விமானம் ஏற்றினார். அந்தப் பெரிய இடம்தான் பதுளை. தகரக் கூரை போட்ட மைதானத்தில், மழை பெய்தால் நடுவர் ஊதுவது காதில் விழாத ஊரில், இரும்புச் சாமான் கடை ஸலீம் முதலாளி நடத்துகிற கழகத்தில், மூன்று மாத ஒப்பந்தம்.

வயது இருபத்திரண்டு. உயரம் ஏழடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முதல் ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர், அவன் பஸ்ஸிலிருந்து எப்படி இறங்குவான் என்று பார்க்க வந்தவர்கள். றீட்டா அவனுக்குக் கற்றுக் கொடுத்த முதல் தமிழ், "தல கவனம்." ஒவ்வொரு வாசலிலும் அவள் கத்துவாள், அவன் நெற்றியை இடித்துக்கொண்ட பிறகு தானும் ஒரு முறை அதைச் சொல்லிக்கொள்வான்.

மாணிக்கராஜின் அக்கா ஜீவராணி தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மஜோக்கைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். அவன் ஏணி இல்லாமலே தோரணம் முழுவதும் கட்டி, மூன்று மாதமாக எரியாத குழல்விளக்கையும் மாற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் தோட்டத்துப் பிள்ளை. அவனுடைய தொழில் என்னவென்று விசாரித்துத் தெரிந்துகொண்டபோது மட்டும் ஜீவராணி கொஞ்சம் முகத்தைச் சுழித்தாள். "நாங்க ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கூடையில போடுறோம். எங்களுக்கு ஒருத்தரும் கைதட்டக் காணோமே" என்றாள்.

கைதட்டு அவனுக்கும் சீக்கிரமே நின்றுவிட்டது. ஐந்து ஆட்டம் ஆடினான். ஐந்திலும் பந்து வளையத்தைச் சுற்றி நலம் விசாரித்துவிட்டு வெளியே விழுந்தது. ஓடும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். றீட்டா பருப்பைக் கூட்டிப் போட்டாள். ஸலீம் முதலாளி கடைசியில் கையை விரித்துவிட்டார். சனிக்கிழமை நடக்கிற ஆறாவது ஆட்டத்தில் இருபது புள்ளியாவது எடுக்காவிட்டால் அடுத்த வாரமே விமானம் ஏற்றிவிடுவாராம். முகவரும், இனி எந்த நாட்டிலும் இடம் தேடித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பையன் அன்று சாப்பிடவில்லை. றீட்டா அழுதாள்.

மறுநாள் பகலில், மதியச் சாப்பாட்டுக்கு வந்த மாணிக்கராஜ் பின்னறையை எட்டிப் பார்த்தார். ஆறடி இரும்புக் கட்டிலில் மஜோக் முழங்காலைத் தாடையில் முட்டிக்கொண்டு மடங்கிக் கிடந்தான். இரண்டு மாதமாக அப்படித்தான் படுத்திருக்கிறான். மரியாதை கருதி அதைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. மாணிக்கராஜ், செத்தவனைக்கூட யாரும் இப்படி மடித்து வைப்பதில்லையே என்று நினைத்தார்.

அளவு நாடாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தவர் கையை றீட்டா பிடித்துக்கொண்டாள். "அந்த நாடாவ உசுரோட இருக்கிற புள்ள மேல வைக்காதீங்க. சொல்லிட்டேன்."

அதனால் கண்ணாலேயே அளந்தார். அது அவருக்குக் கைவந்த கலை. ஏழரை அடி நீளம், தோளுக்கு முப்பது அங்குலம். மலர்ச்சாலையில் மிச்சம் கிடந்த பலகைகளைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்த பிறகும் நின்று கட்டில் செய்தார். சனிக்கிழமை காலை வார்னிஷ் காய்ந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவருக்குத் தலை சுற்றியது. முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தன் பாட்டுக்குப் போய்விட்டிருந்தது. தோள் பக்கம் அகலம், கால் பக்கம் ஒடுக்கம், சுற்றிவர ஒரு சாண் உயரத்தில் அடைப்பு. பக்கத்துக்கு மூன்று பித்தளைக் கைப்பிடி வேறு.

திருத்த நேரம் இல்லை. ஆட்டம் நாலு மணிக்கு. தூறல் வேறு போட்டது. வார்னிஷ் நனையாமல் இருக்க மலர்ச்சாலையில் இருந்த ஒரே துணியைச் சுற்றினார். அது வெள்ளைத் துணி. ஏற்றிப் போக இருந்த ஒரே வாகனம் மலர்ச்சாலை வேன். சாரதியும் பழக்க தோஷத்தில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் ஓட்டினார். பதுளையில் ஏழரை அடிப் பெட்டி யாருக்குத் தேவைப்படும் என்று யோசிக்க ஒருவருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தெமோதரை ஆட்டோக்காரர் ஒருவர் உடனே தோட்டத்துக்குச் சொன்னார்.

ஜீவராணி கொழுந்து மலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் இழவு வீட்டுக்குப் போன் போட்டு உண்மையா பொய்யா என்று கேட்கிற வழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லை. கேள்விப்பட்டால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். சங்கத் தலைவர் தோட்டத்துத் துரையிடம் சொல்லி அரை நாள் வேலையை நிறுத்தினார். லயத்து வீடுகளின் வாசலில் வெள்ளைக்கொடி ஏறியது. நாற்பது பேர், ஆளுக்கொரு சீனிப் பொட்டலமும் தேயிலைத் தூளுமாக, இரண்டு தப்பு மேளத்தோடு பஸ் ஏறினார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மாணிக்கராஜ் வீட்டில் இல்லை. கட்டிலைப் பின்னறையில் போட்டு மஜோக்கைப் படுக்க வைத்துவிட்டு, சாரதியோடு வேனைத் திருப்பி விடப் போயிருந்தார். றீட்டா கடைத்தெருவில். கதவு திறந்திருந்தது. உள்ளே புது வார்னிஷ் மணக்க, பித்தளைக் கைப்பிடி மினுமினுக்க, மஜோக் நெஞ்சில் கை வைத்து நெடுக நீட்டிக் கிடந்தான். இரண்டு மாதத்தில் அன்றுதான் கால் நீட்டியிருக்கிறான். இடி விழுந்தாலும் எழுந்திருக்கிற தூக்கமில்லை. தப்பு முழங்கியது. பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். தாய் முகம் பார்க்காமல் போனாயே என்று ஜீவராணி எடுத்த ஒப்பாரியில் அக்கம்பக்கத்துச் சிங்களப் பெண்களும் வந்து அழுதார்கள். கால்மணி நேரம் அழுத பிறகுதான் அவன் மெல்லக் கண் விழித்து, எழுந்து உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்து, "ஆன்ட்டி, சாப்பாடா?" என்றான்.

அதன் பிறகு அந்த அறையில் நடந்ததை ஜீவராணி இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்வதில்லை. வாசல் போதாமல் இரண்டு பேர் ஜன்னல் வழியாகப் போனார்கள் என்பது மட்டும் உறுதி. கொஞ்சம் தெளிந்ததும் அவள் அவன் கையைக் கிள்ளிப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள், பிறகு வந்து சேர்ந்த தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, கட்டிலுக்கு எதுக்குடா கைப்பிடி?" என்றாள். 

அரை நாள் லீவு போட்டாயிற்று. வீட்டுக்குத் திரும்பி என்ன செய்வது? நாற்பது பேரும் தப்போடு மைதானத்துக்குப் போனார்கள். இழவுக்குக் கொண்டுவந்த தப்பு வேறு தாளத்தில் விழுந்தது. மஜோக் இடுப்பைப் பிடிக்கவில்லை. எம்பினான், போட்டான், ஓடினான், மறுபடி போட்டான். முப்பத்துநாலு புள்ளி. யாரோ பிடித்துப் போட்ட காணொளியைப் பார்த்துத் துனீசியாவிலிருந்து ஒரு கழகம் பத்தே நாளில் ஒப்பந்தம் அனுப்பியது.

வெற்றிக்குத் தன் பயிற்சிதான் காரணம் என்றார் ஸலீம் முதலாளி. பருப்பு என்றாள் றீட்டா. செத்துப் பிழைத்தவனுக்கு ஆயுள் கெட்டி என்றாள் ஜீவராணி. இழவு வீட்டுக்குக் கொண்டுபோன சீனியைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது என்பதால், அந்தப் பத்து நாளும் றீட்டா வீட்டில் எல்லோரும் இனிப்பாகவே தின்றார்கள்.  மாணிக்கராஜுக்கு மட்டும் மஜோக்கிடம் ஒரு கேள்வி இருந்தது, கேட்க வெட்கம்.

மஜோக் கிளம்பிய காலையில் பதுளை ஸ்டேஷனில் கொழும்பு ரயில் நின்றது. பெட்டி வாசலில் குனிந்து ஏறப் போனவனின் கையை மாணிக்கராஜ் தொட்டார். தன் தோளைத் தடவிக் காட்டி, "தம்பி, இந்தப் பக்கம் எப்படி? இறுக்கமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

மஜோக் ஏறிய காலைக் கீழே வைத்தான். றீட்டாவிடம் கற்ற தமிழையெல்லாம் தேடிப் பொறுக்கி, நிதானமாகச் சொன்னான்.

"இல்ல, அங்கிள். நல்லா தூங்கினேன்."

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. மாணிக்கராஜுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. ரயில் ஊதியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தல கவனம்" என்றார்.