லைட், ஃபேன் மட்டும்

நடையிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். படுக்கையறையில் புது ஏசியின் மூச்சு நின்றுபோனது.

“பாத்தியாம்மா? காலையிலேர்ந்து இது நாலாவது தடவை” என்றாள் மகள். எட்டு மாத வயிறு. நெற்றியெல்லாம் வியர்வை.

கட்டிலோரம் அமர்ந்திருந்த தாய் எழுந்தாள். அவளை எல்லோரும் ஒயர்க்கார அக்கா என்றுதான் அழைப்பார்கள். இருபத்தாறு வருஷமாக ஏணியும் டெஸ்டருமாக வாழ்ந்து, அந்த உழைப்பிலேயே மகளைப் படிக்கவைத்துக் கரையேற்றியவள். எந்த சுவிட்ச் போர்டையும் திறக்கும் முன் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. இப்போதும் ஏசி போர்டில் வைத்தாள். சுட்டது.

நடையில், மெயின் போர்டுக்கு அருகே மகளின் மாமனார் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தார்.

“இந்தாம்மா, முப்பத்திரண்டு ஆம்ப் பிரேக்கர். பழசு வெறும் பத்து, அதான் அடிக்கடி விழுந்து கரண்ட் நின்னுபோகுது. இத மாட்டிவிடு, அஞ்சு நிமிஷ வேலை.”

‘இந்தாம்மா’தான். ‘ஏணி ஏறுற வீட்டுல சம்பந்தமா?’ என்று அன்றைக்கு முகம் சுளித்தவர் அவர். மகனின் பிடிவாதத்தால்தான் கல்யாணமே நடந்தது. இரண்டு வருஷமாகியும் ‘சம்பந்தி’ என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

“இத மாட்டினா விழாதுங்க. அதான் எனக்குப் பயமே” என்றாள் அக்கா. “குரைக்கிற நாயோட வாயைக் கட்டிட்டா திருடன் வராம இருப்பானா? இந்த ஒயர் தாங்காது. சுவத்துக்குள்ளயே வெந்துபோகும். ஏசிக்கு மெயின்லேர்ந்து தனி லைன் இழுக்கணும். இதவிடத் தடிச்ச நாலு ஸ்கொயர் ஒயர், இருபது ஆம்ப் பிரேக்கர்.”

“ஒயரக் குறை சொல்லாத! பெரிய எஞ்சினியர் முன்னால நின்னு போட்ட வேலை. முடியாதுன்னா சொல்லு, வேற ஆளக் கூப்புடறேன்.”

மகள் சுவரைப் பிடித்தபடி வந்து தாயின் காதருகே கெஞ்சினாள். “அவர் சொல்றதச் செஞ்சுடேம்மா. நாளைக்கு இங்க இருக்கப்போறது நான்தானே?”

தாயின் கண்கள் நிறைந்தன. குரல் மட்டும் தளரவில்லை.

“நீ இருக்கணும்னுதான்டி மாட்ட மாட்டேங்கறேன்.”

ஒயரின் அளவைக் காட்டுவதற்காக மெயின் போர்டின் மூடியைக் கழற்றித் திருப்பினாள். உட்புறத்தில் பென்சில் எழுத்து. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“‘படுக்கையறை. ஒண்ணரை ஸ்கொயர். லைட், ஃபேன் மட்டும். பத்து ஆம்ப்புக்கு மேல் போடக் கூடாது.’ எஞ்சினியரே எழுதி வச்சிருக்காரா?”

மகள் எட்டிப் பார்த்தாள். வால் வளைந்த அந்த ‘டு’, அம்மா எழுதிக் கொடுத்த அவளுடைய பள்ளி நோட்டு அட்டைகளில் எல்லாம் இருந்தது.

“அம்மா... இது உன் எழுத்து!”

மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“எஞ்சினியர் கீழ நின்னாருங்க” என்றாள் அக்கா மெதுவாக. “ஏணி மேல நான் நின்னேன். பதினாலு வருஷம் ஆச்சு.”

“ஏன்மா இத்தனை நாள் சொல்லல?”

“செஞ்ச வேலையத் தண்டோரா போட்டுக்கிட்டா திரிவாங்க?”

பெரியவர் அட்டைப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

“என்னென்ன வாங்கணும்னு எழுதிக் குடுங்க... சம்பந்தி.”

அந்த ஒரு வார்த்தைக்கு மகள் விம்மி அழுதேவிட்டாள்.

ஒயர் வந்தது. சாயங்காலத்துக்குள் கூரையோரமாகக் குழாய் பதித்துத் தனி லைன் இழுத்தாள் அக்கா. கடைசிவரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஏணியைப் பழித்த அதே மனிதர்தான். ஏசி ஒரு மணி நேரம் ஓடியபின் அதன் போர்டில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். குளுமை. மூடியின் உட்புறத்தில், பழைய எழுத்துக்குக் கீழே, புது லைனின் அளவைப் பென்சிலால் எழுதினாள்.

உள்ளே மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமின்றித் தாய் பையைத் தோளில் மாட்டினாள். மாமனார் வாசல்வரை வந்தார்.

“அடுத்து பாத்ரூம்ல ஹீட்டர் வைக்கணும், அதுக்கு...”

“அதுக்கும் தனி லைன்தான், சம்பந்தி.”

இருவரும் சிரித்தார்கள். அவள் படியிறங்கித் தெருவில் திரும்பும்வரை பார்த்து நின்றவர், மருமகளின் தூக்கம் கலைந்துவிடாதபடி கதவைச் சத்தமின்றிச் சாத்தினார்.